நீச்சல் தெரிந்த குழந்தையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்?

ஏப்ரல் 12, காலை

வந்த கேள்வியை அப்படியே போடுகிறேன்: “மகளுக்கு 7 வயது. ஆறு மாதமாக நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். 25 மீட்டர் குளத்தை நிற்காமல் கடந்துவிடுகிறாள். இனி நான் கரையில் உட்கார்ந்து நிம்மதியாகப் புத்தகம் படிக்கலாம் என்று நினைக்கிறேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. விடுமுறையில் கடலுக்கும் போகப்போகிறோம். குளத்தில் நீந்துகிறவள் கடலில் சமாளிக்கமாட்டாளா? உப்புத்தண்ணீரில் மிதப்பது சுலபம் என்கிறார்களே?”

ஏப்ரல் 12, இரவு

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. புத்தகத்தை மூடி வையுங்கள்.

25 மீட்டர் நீந்துவதைக் குறைத்துச் சொல்லவில்லை. என் மகனும் 6 வயதில் அவ்வளவு நீந்தினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மார்பளவு தண்ணீர், அவனுக்குத் தலைக்கு மேல். மூன்றடி தள்ளி நிற்கிறேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார், திரும்பிப் பதில் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். மறுபடி பார்த்தபோது பையன் தண்ணீரில் நிமிர்ந்து நின்றுகொண்டிருப்பதுபோல் இருந்தான். தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் சரியாகத் தண்ணீர் மட்டத்தில். முடி நெற்றியிலிருந்து வழிந்து கண்ணில் கிடந்தது, அதை அவன் ஒதுக்கவில்லை. இரண்டு கைகளும் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழே கீழே அழுத்திக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. விளையாடுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியை ஒதுக்காமல் இருக்கிறானே என்று தோன்றிய பிறகுதான் என் கை நீண்டது.

நடந்தது இவ்வளவுதான்: நீந்தும் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது, பாதியில் நின்றிருக்கிறான், கால் தரையைத் தொடவில்லை, பதறி மூச்சிழுத்ததில் புரை ஏறிவிட்டது. அவன் கற்ற 25 மீட்டர் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. நீந்த ஆரம்பிக்க முதலில் ஒரு மூச்சு வேண்டும். அது அவனிடம் இல்லை.

ஏப்ரல் 13

ஏன் கத்தவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கத்த முடியாது, அதுதான் காரணம். பேச்சு என்பது மூச்சுக்கு மேல் ஏறி வருவது. மூச்சே கிடைக்காதபோது குரல் எங்கிருந்து வரும்? வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அரை நொடியில் உடம்பு காற்றை வெளியே விட்டு உள்ளே இழுக்கத்தான் பார்க்கும். கையை உயர்த்தி ஆட்டவும் முடியாது. கைகள் தாமாகவே தண்ணீரை அழுத்துகின்றன, மனம் சொல்வதைக் கேட்பதில்லை.

இதைக் கவனித்து விவரமாக எழுதியவர் அமெரிக்க உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா, 1970களில். முழுகுவதற்கு முன் ஒருவர் இப்படி மேல்மட்டத்தில் போராடுவது 20 முதல் 60 நொடிதான் என்று அவர் கணக்கிட்டார். சிறு குழந்தைகளுக்கு அதில் குறைந்தபட்ச நேரம்கூட உறுதியில்லை. ஒரு பக்கம் படித்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே பாருங்கள்.

கையை ஆட்டி, “காப்பாத்துங்க” என்று கூவுகிறவருக்கும் உதவி வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அவரிடம் இன்னும் மூச்சு மிச்சமிருக்கிறது. அமைதியாக இருக்கிறவரிடம்தான் முதலில் போகவேண்டும்.

ஏப்ரல் 15

“அப்படியென்றால் சரியான தூரம் எவ்வளவு, ஒரு எண் சொல்லுங்கள்” என்று ஒரு தாய்.

நன்றாக நீந்தத் தெரியாத குழந்தைக்கு ஒரு கை நீளம். நீங்கள் தண்ணீருக்குள் இருக்கவேண்டும், கையை நீட்டினால் குழந்தை மேல் படவேண்டும். நீந்தத் தெரிந்த குழந்தைக்குக் கொஞ்சம் தூரம் கொடுக்கலாம், ஆனால் கண் எடுக்கக்கூடாது, போன் கையில் இருக்கக்கூடாது.

நான் பார்த்தவரையில் ஒரே ஒரு பெரியவர் இருக்கும் இடத்தைவிட ஐந்து பெரியவர்கள் கூடி இருக்கும் இடம்தான் ஆபத்து. ஆளாளுக்கு மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது முறை வைத்திருக்கிறோம், ஆளுக்கு 15 நிமிடம். முறை மாறும்போது வாயால் சொல்லவேண்டும்: “இனி நீ பார்.” எதிரில் இருப்பவர் “நான் பார்க்கிறேன்” என்று திருப்பிச் சொல்லும்வரை முதல் ஆளின் பொறுப்பு முடியவில்லை. தலையாட்டினால் போதாது.

உயிர்காப்பாளர் இருக்கிறாரே என்பார்கள். இருக்கட்டும். அவர் ஐம்பது தலைகளைப் பார்க்கிறார், வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடிக்கிறது. உங்களுக்கு ஒரு தலைதான்.

அப்புறம் நீச்சலுடையின் நிறம். வெளிர் நீலம், வெள்ளை, சாம்பல் எதுவும் வேண்டாம். நீல ஓடு பதித்த குளத்தில் என் மகளின் நீல உடையை ஒருநாள் நானே கையில் பிடித்து முக்கிப் பார்த்தேன். இரண்டடி ஆழத்தில் அது ஓட்டோடு ஓடாகக் கரைந்துவிட்டது. அடர் ஆரஞ்சு, பளிச்சென்ற இளஞ்சிவப்பு வாங்குங்கள்.

ஏப்ரல் 19

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். நான் பயிற்சியாளர் இல்லை. 33 வயதில் நீச்சல் கற்று, பிறகு என் இரண்டு பிள்ளைகளுக்கும் அக்கா பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவன். பயந்து கற்றவன் என்பதால் எந்த இடத்தில் பயம் வரும் என்று தெரியும்.

பெரும்பாலான வகுப்புகள் கை வீச்சில் ஆரம்பிக்கின்றன. பார்க்க அழகாக இருக்கும், பெற்றோருக்கும் திருப்தி. நான் மூச்சில் ஆரம்பிப்பேன். படியில் உட்காரவைத்து, வாயை மூடி “ம்ம்ம்” என்று ஒலி எழுப்பச் சொல்வேன். அதே ஒலியோடு மெதுவாக முகத்தைத் தண்ணீரில் வைக்கவேண்டும். “ம்ம்ம்” சொல்லும்போது காற்று மூக்கு வழியாகத்தான் வெளியே வரும், அதனால் தண்ணீர் மூக்கில் ஏறாது. “மூக்கால் ஊது” என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன், என் மகளுக்குப் புரியவில்லை. “ம்ம்ம்” சொன்ன அன்றே குமிழி வந்தது. குமிழி மூக்குத் துளையிலிருந்து கன்னத்தை உரசிக்கொண்டு ஏறுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது போல, சிரித்துச் சிரித்துத் திரும்பத் திரும்பச் செய்தாள்.

அடுத்தது மல்லாந்து மிதப்பது. என் கைப்பிடிப்பு இப்படி: ஒரு உள்ளங்கை பின்மண்டைக்குக் கீழே, இன்னொன்று தோள்பட்டைகளுக்கு நடுவே. முதுகைக் கீழிருந்து தூக்கிப் பிடித்தால் குழந்தை இடுப்பை மடக்கி உட்காரப் பார்க்கும். காது தண்ணீருக்குள் போகவேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாக் குழந்தைகளும் கழுத்தைத் தூக்குகிறார்கள், ஏனென்றால் வெளியுலகச் சத்தம் சட்டென்று நின்றுபோகிறது. முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: “இப்போது என் குரல் கேட்காது, என் முகம் தெரியும்.” சொன்னபடி அவர்கள் கண்ணுக்கு நேராக உங்கள் முகத்தை வைத்திருங்கள். பெரிதாக மூச்சிழுத்தால் மார்பு மேலே எழுவதும் விட்டால் கொஞ்சம் அமிழ்வதும் உங்கள் கையிலேயே தெரியும். குழந்தைக்கும் தெரியும். அந்த ஏற்ற இறக்கம் பழகிவிட்டால் உள்ளங்கையை ஒவ்வொரு விரலாக எடுக்கலாம்.

மூன்றாவது, குப்புற விழுந்தாலும் மல்லாந்து திரும்புவது. நான்காவது, தானாகக் கரையேறுவது. விளிம்பைப் பிடித்து, கை மாற்றி மாற்றி நகர்ந்து, முழங்கையை ஊன்றி, வயிற்றைப் போட்டு, முட்டியைத் தூக்கி ஏறவேண்டும். ஏணி இல்லாமல். இது வரும்வரை கை வீச்சு பற்றிப் பேசவே மாட்டேன்.

கேள்வி கேட்டவரின் மகளுக்கு ஒரு சின்னப் பரீட்சை. தலைக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் குதித்து மேலே வரவேண்டும். ஒரு நிமிடம் அங்கேயே மிதக்கவேண்டும், அல்லது நின்ற இடத்திலேயே கால் அடித்துக்கொண்டிருக்கவேண்டும். ஒரு முழுச் சுற்று திரும்பி, எந்தப் பக்கம் கரை என்று கண்டுபிடிக்கவேண்டும். சுமார் 25 மீட்டர் கரையை நோக்கி நீந்தி, ஏணியில்லாமல் ஏறவேண்டும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் நிற்காமல். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் ‘தண்ணீரில் தேறியவர்’ என்று சொல்வது இந்த ஐந்தும் வந்த பிறகுதான். அவளிடம் இப்போது இருப்பது நான்காவது மட்டும்.

ஏப்ரல் 20

நேற்று மிதப்பதைப் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம். கால் மேலே நிற்கவேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். முன்பு நானும் காலைத் தூக்கு தூக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு. ஒல்லியான குழந்தைக்குக் கால் இறங்கத்தான் செய்யும். காற்று இருப்பது மார்பில், கனம் இருப்பது காலில். இறங்கட்டும். வாயும் மூக்கும் வெளியே இருந்தால் போதும். காலைத் தூக்கப் போய் வயிறு இறுகி, கழுத்து எழும்பி, எல்லாம் கெட்டுவிடுகிறது.

நீந்தும் கண்ணாடி பற்றியும். கண்ணாடி போட்டால் குழந்தை சீக்கிரம் பழகும் என்பது உண்மை. ஆனால் என் மகனுக்கு நடந்ததே கண்ணாடியால்தான். இப்போது ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்து நிமிடம் கண்ணாடி இல்லாமல் நீந்த வைக்கிறேன்.

ஏப்ரல் 26

கையில் மாட்டும் காற்றடைத்த மிதவை பற்றி நான்கு பேர். என் கருத்து கடுமையானது: வேண்டாம். அது கழன்றுவிடும், காற்றும் இறங்கும். அதைவிடப் பெரிய கெடுதல், குழந்தையை நிமிர்த்தி நிற்க வைத்தே பழக்கிவிடும். நான் மேலே சொன்ன, மகன் நின்ற அதே நிலை. மிதவை இல்லாத நாளில் குழந்தை அதே நம்பிக்கையோடு குதிக்கும். இடுப்பில் மாட்டும் வளையமும் அப்படித்தான், கவிழ்ந்தால் தலை கீழே, கால் மேலே.

படகில் ஏறுவதற்கும் திறந்த நீர்நிலைக்கும் எடைக்கு ஏற்ற, தரச்சான்று பெற்ற லைஃப் ஜாக்கெட். அது வேறு பொருள். தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், காது வரை ஏறினால் அளவு பெரிது.

ஏப்ரல் 27

ஒன்றரை வயதுக் குழந்தையை வகுப்பில் சேர்க்கலாமா? சேர்க்கலாம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2019இல் வெளியிட்ட பரிந்துரையில் 1 வயதுக்கு மேல் தொடங்கலாம் என்கிறது. அந்த வயதில் நீச்சல் வந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அந்த வயதுக் குழந்தைகளுக்கு ஆபத்து பெரும்பாலும் நீந்தப் போகும்போது வருவதில்லை. யாரும் நீந்தாத நேரத்தில், யாரும் கவனிக்காமல் தண்ணீரை நோக்கி நடக்கும்போதுதான் வருகிறது. வீட்டில் குளம் இருந்தால் நாலு பக்கமும் வேலி, குறைந்தது 1.2 மீட்டர் உயரம், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவு. வீட்டுச் சுவரை ஒரு பக்க வேலியாகக் கணக்கில் எடுக்கக்கூடாது, அதில்தானே வாசல் இருக்கிறது. வாளித் தண்ணீரும் அப்படியே. 5 சென்டிமீட்டர் போதும். பயன்படுத்தியதும் கவிழ்த்து வையுங்கள்.

மே 2

கடல்.

உப்புத்தண்ணீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் போல அடர்த்தி கூடுதல். அதனால் மிதப்பது கொஞ்சம் சுலபம்தான். ஆனால் குளத்தில் இல்லாத மூன்று விஷயங்கள் கடலில் இருக்கின்றன. தரை ஒரே மட்டத்தில் இல்லை. தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. பிடித்துக்கொள்ள விளிம்பு இல்லை. 25 மீட்டர் நீந்துகிற குழந்தை 25 மீட்டர் முடிந்ததும் எதைப் பிடிக்கும்?

முதலில் தெரியவேண்டியது ரிப் கரண்ட். கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பிப் போகத் தாழ்வான ஒரு வாய்க்காலைத் தேடிக்கொள்கிறது. அந்த வாய்க்காலில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கறுத்து அமைதியாக இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் “இங்கே அலை இல்லை, இங்கே இறங்கலாம்” என்று தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். நானும் ஒருமுறை அப்படித்தான் துண்டை விரித்தேன். ஒரு வயதானவர் வந்து, ஒன்றும் பேசாமல், ஒரு குச்சியை எடுத்து அந்தத் தண்ணீரில் எறிந்தார். குச்சி நேராகக் கடலுக்குள் போனது. நான் நடந்தால்கூட அந்த வேகத்தில் நடக்கமாட்டேன்.

ரிப் ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. நொடிக்கு 2 மீட்டருக்கு மேல்கூடப் பாய்வதுண்டு. உலகின் அதிவேக நீச்சல் வீரர்களே 50 மீட்டருக்குச் சுமார் 21 நொடி எடுக்கிறார்கள் என்றால் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்துவது எவ்வளவு வீண் என்று தெரியும். எதிர்த்து நீந்திக் களைத்துப்போவதில்தான் உயிர் போகிறது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும்.

சிவப்பும் மஞ்சளுமாகப் பாதிப்பாதி நிறமுள்ள இரண்டு கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். உயிர்காப்பாளர் கண் வைத்திருக்கும் எல்லை அது. சிவப்பு பறந்தால் இறங்கவே வேண்டாம். உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரையில் குழந்தைக்கு முழங்கால் அளவு, உங்கள் கை அதன் கையில். முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

மே 4

மேலே “பக்கவாட்டில் நீந்தவேண்டும்” என்று ஒரேயடியாக எழுதிவிட்டேன். இரண்டு நாளாக அது உறுத்துகிறது.

கடலியலாளர் ஜேமி மக்மஹானும் அவரோடு வேலை செய்தவர்களும் ஜிபிஎஸ் பொருத்திய மிதவைகளை ரிப்பில் விட்டுப் பார்த்தார்கள். பல மிதவைகள் நேராகக் கடலுக்குப் போய்விடாமல், வட்டமடித்து, மறுபடி ஆழம் குறைந்த மணல்திட்டுக்கே வந்துவிட்டன. அப்படிச் சுழலும் ரிப்பில் தப்பான பக்கம் நீந்தினால் அந்தப் பக்க ஓட்டத்தையே எதிர்த்து நீந்துவதாக ஆகும். அதனால் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். முதலில் மல்லாந்து மிதக்கவேண்டும். மூச்சு அடங்கவேண்டும். கையை உயர்த்திக் கரைக்குக் காட்டவேண்டும். எந்தப் பக்கம் அலை உடைகிறது என்று பார்த்து, தெம்பு இருந்தால், அந்தப் பக்கம் நிதானமாக நீந்தவேண்டும். ஒரு பக்கம் நகரமுடியவில்லையென்றால் மறு பக்கம். தெம்பு இல்லையென்றால் மிதந்துகொண்டே இருக்கவேண்டும்.

ஏப்ரல் 19இல் மிதப்பதற்கு அத்தனை வரி ஏன் செலவழித்தேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். இதற்காகத்தான்.

குளிர்ந்த தண்ணீரிலும் இதுவேதான். 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விழுந்தவுடன் தன்னையறியாமல் மூச்சு வாங்கும், அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடம் நீந்தப் பார்க்காமல் மிதந்தால் மூச்சு தானாகத் தணியும்.

மே 5

சுருக்கமாக: யார் அதிக நேரம் முங்கி இருப்பது என்ற போட்டியை நிறுத்துங்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குவதையும். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது கரியமில வாயு. வேகமாக மூச்சுவிட்டு அதைக் குறைத்துவிட்டால் முட்டவே முட்டாது, ஆக்சிஜன் தீர்ந்து நீருக்கடியிலேயே மயக்கம் வரும். நன்றாக நீந்துகிற இளைஞர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

தலைகீழாகப் பாய்வதும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். காலுக்கே அப்படியென்றால் தலைக்கு? கழுத்தெலும்பு உடைந்து தண்டுவடமும் கெட்டால் கைகால் அசைவு திரும்ப வராமலே போகலாம். முதல் தடவை எப்போதும் கால் முன்னால்.

மே 11

நேற்று வந்த கேள்விக்கு அவசரமாகப் பதில் எழுதவேண்டும் என்று தோன்றியது. “வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்கவேண்டும்தானே?”

கூடாது. தலைகீழாகப் பிடிப்பதும் கூடாது. அமுக்கினால் இரைப்பையில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் போகும், பொன்னான நேரமும் போகும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, வாயில் காற்று ஊதுவதுதான் முதல் வேலை. ஐரோப்பிய வழிகாட்டுதலில் முதலில் 5 ஊதல், அமெரிக்க வழிகாட்டுதலில் 2. எண்ணிக்கை வேறுபட்டாலும் இரண்டிலும் முதலில் வருவது மூச்சு. ஏனென்றால் நீரில் மூழ்கியவரின் இதயம் நின்றது காற்று இல்லாமல்தான். பிறகு 30 நெஞ்சழுத்தம், 2 ஊதல், மாறி மாறி. இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லவேண்டும். இதைப் படித்துக் கற்க முடியாது, பொம்மையில் அழுத்திப் பழகவேண்டும். அரைநாள் பயிற்சி. நான் போயிருக்கிறேன். நெஞ்சு எவ்வளவு ஆழம் அமுங்கவேண்டும் என்பது அங்கேதான் என் கைக்குத் தெரிந்தது, நினைத்ததைவிட அதிகம்.

மூழ்கிக் காப்பாற்றப்பட்ட குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, சோர்ந்து தூங்கித் தூங்கி விழுகிறது என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். “எழுந்து உட்கார்ந்துவிட்டானே” என்று விட்டுவிடாதீர்கள்.

காப்பாற்றப் போகிறவருக்கு: முதலில் கம்போ துண்டோ நீட்டு, எட்டாவிட்டால் மிதக்கிற எதையாவது எறி. வெறுங்கையோடு குதித்த அப்பாக்கள் பிள்ளை கரை சேர்ந்தும் தாங்கள் சேராமல் போனது உண்டு. மூழ்குகிறவர் பிடித்தால் விடமாட்டார், அது அவர் குற்றமில்லை.

மே 18

தலைப்பை விட்டு விலகித்தான் இது. குளத்தில் “குளோரின் வாடை தூக்கலாக இருக்கிறது, நன்றாகச் சுத்தம் செய்கிறார்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். நேர் எதிர். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் அந்த வாடை. கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். இறங்குவதற்கு முன் எல்லோரும் குளித்துவிட்டு வந்தால் வாடை குறையும். தண்ணீர் கலங்கி அடித்தரை தெரியவில்லை என்றால் பிள்ளையை இறக்காதீர்கள். நோய்க்காக மட்டுமில்லை, அடியில் யாராவது கிடந்தால் தெரியவேண்டும்.

மே 25

கேள்வி கேட்டவர் கடலுக்குப் போய் வந்துவிட்டார். கொடி இருந்த இடத்தில்தான் இறங்கினார்களாம், இடுப்பளவுக்கு மேல் போகவில்லையாம். மகள் காற்றடைத்த மெத்தை கேட்டு அழுதிருக்கிறாள், வாங்கித் தரவில்லை. நல்ல காரியம். கரையிலிருந்து காற்று வீசினால் அந்த மெத்தை போகிற வேகத்துக்கு யாராலும் நீந்திப் பிடிக்க முடியாது.

ஐந்தில் இப்போது மூன்று வருகிறதாம். ஒரு நிமிடம் மிதப்பதில் 40 நொடியில் நிற்கிறாளாம். அவசரமில்லை.

ஜூன் 1

ஆடையோடு மிதக்கப் பழக்குவது பற்றி ஒருவர் கேட்டதை மறந்தே போனேன். நெதர்லாந்தில் குழந்தைகளின் முதல் நீச்சல் சான்றிதழான ஏ டிப்ளோமாவுக்கே ஆடையோடு இறங்கி நீந்திக் காட்டவேண்டும். தவறி விழுகிறவர் நீச்சலுடை போட்டுக்கொண்டா விழுகிறார்?

இன்று குளத்தில் அனுமதி கேட்டு, மகளைப் பழைய சட்டை, கால்சட்டையோடு இறக்கினேன். முதல் நொடியில் துணி உடம்பில் ஒட்டியதும் முகம் மாறியது. கையை வெளியே எடுக்கப் போனாள், ஈரக் கை கனத்தது. கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொள் என்றேன். மல்லாந்தாள். சட்டைக்குள் இருந்த காற்று தோளருகில் உப்பி, மெதுவாகக் கழுத்து வழியே வெளியேறியது. அதற்குப் பிறகும் மிதந்தாள். 3 நிமிடம். எண்ணியது அவள் அண்ணன். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.